ஒன்பதாம் தொட்டி கூப்பிட்டது

எம்மாவெல் பண்ணை
8 செப்டம்பர் 2018

அன்புள்ள திருகாணி,

இங்கே மாடுகள் நலம், நாய் நலம், ஜெனரேட்டர் இருமிக்கொண்டே நலம். நீ எப்படி இருக்கிறாய்? அடிலெய்டில் மழை என்று ரேடியோ சொன்னது. கொஞ்சம் வடக்கே தள்ளிவிடு.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூனில் நீ வந்து பதினொரு தண்ணீர்த் தொட்டியிலும் மாட்டிவிட்டுப் போனாயே, அந்தக் கருவிகள் செத்துக்கொண்டிருக்கின்றன. போன வாரம் நான்கு, இந்த வாரம் மூன்று. மிச்சமுள்ளவற்றுக்கு, அவை செய்தி அனுப்பும் அந்தச் சமையலறைப் பெட்டியின் திரை சிவப்பு எழுத்தில் 'பேட்டரி குறைவு' என்கிறது. வாசலில் நின்று நீ பீற்றிக்கொண்டது அப்படியே காதில் இருக்கிறது. "ஒரு ஜோடி பேட்டரி மூணு வருஷம் தாங்கும் கிளெம், அதுக்குள்ள நீ கல்யாணமே பண்ணிக்கலாம்!" மூன்று மாதம் ஆகிறது. பெண் பார்க்கக்கூட நேரமில்லை.

இரண்டைத் தவிர எல்லாவற்றுக்கும் புது பேட்டரி போட்டுவிட்டேன். 240 கிலோமீட்டர் சுற்று. முன்பு ஒரே நாளில் முடிப்பேன், இந்த முறை இரண்டு நாள் ஆனது. கணுக்காலில் சுளுக்கு. உன் கருவி தண்ணீர் அளவைச் சொல்கிறது என்ற தைரியத்தில்தான் நான் தொட்டி சுற்றுவதை வாரம் ஒருமுறையாகக் குறைத்திருக்கிறேன். வெயில் ஏறிய பிறகு ஒரு தொட்டி வற்றினால் மாடு இரண்டு நாள்தான் தாங்கும். அது உனக்கும் தெரியும்.

அந்த இரண்டைக் கழற்றி இந்தப் பார்சல் பெட்டியில் வைத்திருக்கிறேன். தபால் விமானம் ஓட்டும் ரெஜ் பெட்டியைக் குலுக்கிப் பார்த்து, "என்னடா, தங்கச்சி பொம்மையெல்லாம் திருப்பி அனுப்புறியா? சண்டையா?" என்றான். இல்லை என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
கிளெம்


அடிலெய்ட்
14 செப்டம்பர்

அன்புள்ள கிளெம்,

நான் நலம். கணுக்கால் எப்படிச் சுளுக்கியது என்று எழுதவே இல்லையே?

கருவிகள் வந்தன. பேட்டரி இரண்டும் சுத்தமாகக் காலி. புது பேட்டரி போட்டு என் மேசையில் அளந்தேன். தூங்கும்போது நான்கு மைக்ரோ ஆம்பியர். இது எறும்பு குடிக்கும் அளவு. இப்படியே இருந்தால் மூன்று வருடம் என்ன, ஐந்து வருடம் ஓடும். எனக்கு அழுகையாக வருகிறது, ஏனென்றால் கெட்டுப்போன கருவியைச் சரிசெய்யலாம். நல்ல கருவியை என்ன செய்வது?

அது வேலை செய்யும் விதத்தை உனக்கு இன்னொரு முறை சொல்கிறேன். மணிக்கு ஒருமுறை விழிக்கும். மிதவையைப் பார்க்கும். 'இன்ன தொட்டி, இவ்வளவு தண்ணீர்' என்று சமையலறைப் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி 'கேட்டது' என்றதும் மறுபடி தூங்கிவிடும். விழித்திருப்பது நாளைக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. ஆனால் விழித்திருக்கும்போது நான்கு அல்ல, பத்தாயிரம் குடிக்கும். ஆகவே ஏதோ ஒன்று அவற்றைத் தூங்கவிடாமல் செய்கிறது. அது எறும்பா, ஈரமா, வெயிலா என்று கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டையும் புது பேட்டரியோடு திருப்பி அனுப்புகிறேன், வந்ததும் மாட்டிவிடு. எனக்காக இன்னொன்றும் செய். உச்சி வெயிலில் ஒரு தொட்டிக்குப் போய் மூடியைத் திற. உள்ளே எறும்புக் கூடு, ஈரத்தில் படியும் வெள்ளைப் பூப்பு ஏதாவது இருக்கிறதா பார். மல்டிமீட்டரை நான் வரைந்திருப்பதுபோல இணை. கருவி நன்றாகத் தூங்கிய பிறகுதான் மீட்டர் குமிழை மைக்ரோ ஆம்பியருக்குத் திருப்ப வேண்டும். முன்பே திருப்பினால் மீட்டரே மின்சாரத்தைத் தடுத்து அதன் கழுத்தை நெரிக்கும், கருவி செத்துச் செத்துப் பிழைக்கும், நீ என்னைத் திட்டுவாய்.

டிசம்பரில் மற்றப் பண்ணைக்காரர்களுக்கு இதைக் காட்ட வேண்டும். அதுகூட இருக்கட்டும். நடுக்கோடை ஜனவரியில் நாற்பத்தைந்து டிகிரியில் நீ தனியாக அங்கே இருப்பாய். அதுதான் என் கவலை.

கணுக்காலுக்கு ஐஸ் வை.

மார்னி


எம்மாவெல்
29 செப்டம்பர்

அன்புள்ள திருகாணி,

மாடுகள் நலம். நாய் ஒரு ஓணானைத் தின்றுவிட்டு அரைநாள் வெட்கப்பட்டது, இப்போது நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

தாமதத்துக்கு மன்னி. கொஞ்சம் வேலை.

ஐந்தாம் தொட்டியில் அளந்தேன். உச்சி வெயில், மூடியைத் தொட்டால் கை சுடுகிறது. மீட்டர் காட்டியது ஐந்து. எறும்பு இல்லை, பூப்பு இல்லை. உன் படத்தில் நீ வரைந்திருந்த குட்டி மனிதன் என்னைப்போல இல்லை, எனக்கு அவ்வளவு முடி கிடையாது.

இப்போது கெட்ட செய்தி. மூன்று வாரம் முன்பு போட்ட புது பேட்டரிகள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிட்டதாகப் பெட்டி காட்டுகிறது. நீ திருப்பி அனுப்பிய இரண்டையும் சேர்த்துப் பதினொன்றும் ஒரே மாதிரி.

மார்னி, உன்னை அவசரப்படுத்தவில்லை. ஆனால் இது கோடைக்குள் சரியாகாவிட்டால் நான் மாடுகளை விற்றாக வேண்டும். நாள் விட்டு நாள் 240 கிலோமீட்டர் இனி என்னால் ஓட்ட முடியாது. ஏன் என்று கேட்காதே. வயது நாற்பத்தாறு.

உன் அண்ணன்,
கிளெம்


அடிலெய்ட்
5 அக்டோபர்

அன்புள்ள கிளெம்,

நான் நலம், தூக்கம்தான் இல்லை. நாற்பத்தாறு ஒரு வயதா? அப்பா அறுபதில் காளையை விரட்டிக்கொண்டு ஓடினார்.

பதினொன்றும் ஒரே மாதிரி இறங்குகிறது என்றாயே, அந்த ஒரு வரி என் தலையில் ஆணியாக இறங்கியது. எறும்பு பதினொரு இடத்தில் ஒரே அளவாகக் கடிக்காது. அப்படியானால் தப்பு என் நிரலில் இருக்கிறது, அல்லது எல்லாவற்றுக்கும் பொதுவான ஏதோ ஒன்றில். இந்தப் பார்சலில் இரண்டு புதுக் கருவிகள் வருகின்றன. ஒவ்வொரு முறை விழிப்பதையும் கூப்பிடுவதையும் மணி, நிமிடத்தோடு எழுதிவைக்கும். ஏழாம் தொட்டியிலும் ஒன்பதாம் தொட்டியிலும் நாளைக்கே மாட்டு. இரண்டு வாரம் கழித்துக் கழற்றி அனுப்பு. பழையவற்றை மறுபடி அங்கே போடு.

செப்டம்பர் 18 அன்று உனக்குப் போன் அடித்தேன். மணிகூடப் போகவில்லை. அப்பா மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு ஊருக்குக் கிளம்பும் நாள்களில் வருமே, அந்தச் செத்த சத்தம். ஜெனரேட்டரைப் பார். போனில் உனக்கு 'ஆமாம், இல்லை, சரி' தவிர வேறு வராது என்று தெரியும், ஆனாலும் அந்த மூன்றையாவது கேட்கலாம் என்று அடித்தேன்.

மார்னி


எம்மாவெல்
27 அக்டோபர்

அன்புள்ள மார்னி,

மாடுகள் நலம், நாய் நலம். நீ நலமா?

இரண்டையும் கழற்றி அனுப்புகிறேன். பேட்டரிகள் மறுபடி இறங்கியிருக்கின்றன. நேற்று நாற்பது டிகிரி.

கிளெம்


அடிலெய்ட்
2 நவம்பர்

அன்புள்ள கிளெம்,

நலமா? நான் பைத்தியக்காரிபோலக் குதித்துக்கொண்டிருக்கிறேன். கிடைத்துவிட்டது!

இரண்டு கருவியிலும் ஒரே கதை. மற்ற எல்லா நாளும் சமத்தாக இருபத்து நான்கு முறை கூப்பிட்டு, இருபத்து நான்கு முறை பதில் வாங்கித் தூங்கியிருக்கின்றன. அக்டோபர் 8 திங்கள் காலை முதல் 11 வியாழன் சாயங்காலம் வரை மட்டும் ஒவ்வொன்றும் அறுபதாயிரம் முறை கூப்பிட்டிருக்கிறது. ஐந்து நொடிக்கு ஒருமுறை. பதில் இல்லை. காது கொடுத்துக் காத்திருந்து, மறுபடி கூப்பிட்டு, நான்கு நாள் கண் மூடவே இல்லை. மூன்றில் ஒரு பங்கு பேட்டரி அங்கேதான் போனது.

தப்பு என்னுடையது. 'பதில் வரும்வரை விடாதே' என்று எழுதியது நான்தான். அப்பாவின் கடைசிக் கோடையில் தெற்குத் தொட்டி வற்றி, யாருக்கும் தெரியாமல் இரண்டு நாள் கிடந்ததே. அதை மனதில் வைத்து எழுதினேன். என் மேசையில் பெட்டி எப்போதும் விழித்திருந்தது, அதனால் பதில் வராவிட்டால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை. திருத்திய நிரலோடு பதினொரு புதுச் சில்லுகள் அனுப்புகிறேன். ஐந்து முறை கூப்பிடும், பதில் இல்லாவிட்டால் அரை மணி தூங்கி எழுந்து மறுபடி கூப்பிடும். பழையதை உருவிவிட்டு இதைச் செருகு. அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் புரியவில்லை. அந்த நான்கு நாளும் சமையலறைப் பெட்டி ஏன் பதில் சொல்லவில்லை? நீ தினமும் அதன் பக்கத்தில் உட்கார்ந்துதானே டீ குடிக்கிறாய்? திரை அணைந்திருந்தால் பார்த்திருப்பாயே?

பதில் போடு, சீக்கிரம்.

மார்னி


எம்மாவெல்
3 நவம்பர்

மார்னி,

நலம் விசாரித்து எழுத இன்று மனமில்லை. உன் கடிதம் எதுவும் இன்னும் வரவில்லை, இது முன்னால் கிளம்புகிறது.

ஒன்பதாம் தொட்டிக்குப் போகும் குழாயில் இணைப்புக் கழன்று தண்ணீர் மண்ணில் போய்விட்டது. நேற்றுக் காலை போனேன். முப்பத்தொரு மாடு. பெரும்பாலும் கன்றோடு இருந்த தாய் மாடுகள். தொட்டியைச் சுற்றியே படுத்திருந்தன. நான்கு இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன, எழுந்திருக்காது என்று தெரிந்தது. துப்பாக்கியை எடுத்துவர வண்டிவரை நடந்தேன். அந்த நூறு அடி நடப்பதற்குள் இரண்டு முறை உட்கார்ந்தேன்.

பக்கத்துப் பண்ணை டல்சி வந்து குழாயை மாட்டினாள். போகும்போது, "அவகிட்ட சொல்லிடு கிளெம். நீ சொல்லலேன்னா நான் சொல்லுவேன்" என்றாள். அதனால் மாடுகளைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

உன் கருவிமேல் குற்றம் இல்லை.

கிளெம்


அடிலெய்ட்
9 நவம்பர்

அன்புள்ள கிளெம்,

நீ எப்படி இருக்கிறாய்? சாப்பிடுகிறாயா? உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன்.

கருவிமேல் குற்றமில்லை என்று எனக்காகச் சொல்லாதே. நேராகக் கேட்கிறேன், நேராகச் சொல். ஒன்பதாம் தொட்டிக் கருவி செத்திருந்ததா, உயிரோடு இருந்ததா? செத்திருந்தால் அந்த முப்பத்தொன்றையும் கொன்றது நான். என் பிடிவாதத்தால் எழுதிய ஒற்றை வரி. உயிரோடு இருந்தால், அது ஏன் உன்னிடம் சொல்லவில்லை?

தினமும் போன் அடிக்கிறேன். மணி போகிறது, நீ எடுப்பதில்லை.

மார்னி


எம்மாவெல்
17 நவம்பர்

அன்புள்ள மார்னி,

மிச்சமுள்ள மாடுகள் நலம். நாய் டல்சி வீட்டில் நலம்.

கருவி உயிரோடுதான் இருந்தது. கூப்பிட்டது. கேட்க வேண்டியவன் கேட்கவில்லை.

புதுச் சில்லுகள் வந்தன, மாற்றவில்லை. இனி தேவைப்படாது. டிசம்பர் 15 அன்று லாரிகள் வருகின்றன, மாடுகள் எல்லாவற்றையும் ஏற்றிவிடுகிறேன். டிசம்பரில் நீ காட்ட வேண்டியதை வேறு பண்ணையில் வைத்துக் காட்டு. உன் கருவி நல்ல கருவி. யாரிடமும் சொல்வேன்.

இனி ஒன்றும் அனுப்பாதே.

கிளெம்


அடிலெய்ட்
20 நவம்பர், செவ்வாய்

அன்புள்ள அண்ணா,

இதைத் தபாலில் போடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால், வெளியூர்க்காரர்கள் தங்கும் விடுதியின் மேசையில் கொடுத்துவிட்டுப் போகிறேன். அப்பாவோடு நான் தங்கியிருந்த அதே விடுதி. மேசையில் இருந்த பெண் உன் பெயரைக் கேட்டதும் தலையாட்டினாள். அறை எண் சொல்ல மாட்டேன் என்றாள். சரிதான்.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்கிறாயா? மின்சாரம் எங்கே ஒழுகுகிறது என்று தேடுவதுதானே என் தொழில். உன் கடிதங்களையெல்லாம் மேசையில் பரப்பினேன். போன் செத்திருந்தது செப்டம்பர் 18. கருவிகள் பதிலில்லாமல் கத்தியது அக்டோபர் 8 முதல் 11. மாடுகள் செத்தது அக்டோபர் கடைசி வாரம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, திங்கள் முதல் வியாழன் வரை. அப்பாவுக்கு மருந்து ஏற்றிய அதே கணக்கு. அடுத்த முறை இந்த வாரம்.

அக்டோபரில் நீ அனுப்பிய பெட்டியை மேசைக்கு அடியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அதில் ஒட்டியிருக்கும் சீட்டில் தபால் நிலையத்தின் பெயர் இருக்கிறது. என் வீட்டிலிருந்து நான்கு நிறுத்தம். நான்கு நிறுத்தம் தள்ளி நின்று எனக்குப் பார்சல் அனுப்பியிருக்கிறாய்!

இன்னொன்று. மாடு நலம், நாய் நலம், ஜெனரேட்டர் நலம் என்று எழுதினாய். ஒரு கடிதத்தில்கூட 'நான் நலம்' என்று எழுதவில்லை. அந்தச் சுளுக்குக் கதையைத் தவிர உனக்குப் பொய் சொல்ல வராது, விட்டுவிடத்தான் வரும். நான் அதைப் படிக்காமல் பேட்டரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும்போது வாயிற்கதவுக்குப் பக்கத்தில் அப்பா வண்டியை நிறுத்தி, "மெயின இறக்கியாச்சா?" என்று கேட்பாரே. அந்தக் காலத்தில் சமையலறை எரிந்ததிலிருந்து நம் வீட்டில் யாரும் அதை இறக்காமல் வாசலைத் தாண்டியதில்லை. நானே நூறு முறை இறக்கி, ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டிருக்கிறேன். அதே சுவிட்சில் என் பெட்டியை மாட்டிவிட்டு வந்தேன். நீ போனால் அதுவும் போய்விடும் என்று ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. ஏனென்றால் நீ எங்கும் போகமாட்டாய் என்று நினைத்தேன்.

கோபமாக இருக்கிறேன். மிகவும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

மார்னி


விடுதி, அறை 14
21 நவம்பர்

அன்புள்ள திருகாணி,

நான் நலமில்லை.

நேற்று உன்னை ஜன்னலிலிருந்து பார்த்தேன். இறங்கி வரக் கால் வரவில்லை. மருந்து ஏறிய நாளில் நான் இரண்டு கால் பிராணி இல்லை. இன்று நர்ஸிடம் இந்த உறையைக் கொடுத்து அனுப்புகிறேன்.

அப்பாவுக்கு வந்த அதே புற்றுநோய்தான். ஆனால் சீக்கிரம் பார்த்துவிட்டார்கள். பத்து முறையில் ஏழாவது இது. உன்னிடம் சொல்லியிருந்தால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்காக வேலையை விட்டாய், இரண்டு வருடம் இந்த விடுதியில் கிடந்தாய், உன்னைக் கட்டிக்கொள்ள இருந்தவன்கூடக் காத்திருக்கவில்லை. இப்போதுதான் உன் கையால் செய்த ஒன்று எழுந்து நிற்கிறது. அதை நான் கெடுக்க வேண்டுமா? ஆகஸ்டில் உன் தெருவரை வந்தேன். உன் ஜன்னல் வழியாக நீ எதையோ திட்டிக்கொண்டே சூடுவைத்து ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. திரும்பிவிட்டேன்.

நவம்பர் ஒன்றாம் தேதி சாயங்காலம் வீட்டுக்குப் போய் மெயினைப் போட்டேன். திரை எரிந்த அந்த நொடியிலேயே ஒன்பதாம் தொட்டி, ஒன்பதாம் தொட்டி, ஒன்பதாம் தொட்டி என்று வந்தது. உடனே போயிருக்க வேண்டும். எழுந்து நிற்க முடியவில்லை. காலையில்தான் போனேன். மூன்று நாளாக அது கத்தியிருக்கிறது, நான் வீட்டு ஃபியூஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இங்கே படுத்திருந்திருக்கிறேன். முதல் நாள் நர்ஸ் என் பையைக் காலி செய்யச் சொல்லி, அந்தப் பீங்கான் துண்டைப் பார்த்து, "என்ன சார், வீட்டையே பையில வச்சுட்டு வந்துட்டீங்களா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அந்த ஃபியூஸை இந்த உறையில் வைத்திருக்கிறேன். அதை என்ன செய்வது என்று இனி நீ சொல்.

கிளெம்


எம்மாவெல் பண்ணை
15 டிசம்பர்

அன்புள்ள அண்ணா,

இங்கே நான் நலம், மாடுகள் நலம், நாய் என் செருப்பைத் தின்றுவிட்டு நலம். என் வீட்டில் நீ எப்படி இருக்கிறாய்? எட்டாவது முறை முடிந்த பிறகு சூப் இறங்குகிறதா? பக்கத்து வீட்டு அம்மாள் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லாதே, கோபித்துக்கொள்வாள்.

ஃபியூஸைப் போட்டுவிட்டேன். ஆனால் சமையலறைப் பெட்டியை அந்தச் சுவிட்சிலிருந்து பிரித்து, கூரையில் தனிச் சூரியப் பலகை வைத்து மாட்டியிருக்கிறேன். இனி நீ மெயினை நூறு முறை இறக்கிக்கொள், அப்பா சந்தோஷப்படுவார். அது மட்டும் தூங்காது. வெளியே அலைவாங்கிக் கம்பம் ஒன்று நட்டு டல்சி வீட்டிலும் ஒரு திரை வைத்தேன். "அப்பாடா, இனி உங்க அண்ணன் பொய் சொன்னா எனக்கு உடனே தெரியும்" என்றாள். பதினொரு சில்லும் மாற்றியாயிற்று. பத்து நாளில் பேட்டரி ஒரு இம்மிகூட இறங்கவில்லை. காட்டும் நாளை ஒத்திவைக்கவில்லை, இடத்தைத்தான் மாற்றினேன். பண்ணைக்காரர்கள் புதன்கிழமை இங்கேயே வருகிறார்கள். நீ எதையும் கெடுக்கவில்லை.

இன்று லாரிகள் வந்தன. உன்னைக் கேட்காமல் பாதியைத்தான் ஏற்றச் சொன்னேன். திட்டு, பரவாயில்லை. மிச்சம் உனக்காக.

நேற்று மதியம் ஒன்பதாம் தொட்டி கூப்பிட்டது. நாற்பத்து மூன்று டிகிரி. அதே இணைப்புத்தான் மறுபடி கசிந்தது. ஒன்றரை மணி நேரத்தில் போய்விட்டேன். மாடுகள் முழங்கால் அளவு தூசியில் நின்று என்னைப் பார்த்தன. குழாயை மாட்டியதும் முதல் தண்ணீர் துருநிறமாக வந்தது, பிறகு தெளிந்தது. எல்லாம் குடித்து முடிக்கும்வரை வண்டி நிழலில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் அழுதேன். பிறகு எண்ணிப் பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை.

ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் அடிப்பேன். 'ஆமாம், இல்லை, சரி' போதும், ஆனால் எடு. ஐந்து முறை அடித்துவிட்டு ஓய்ந்துவிடுவேன் என்று நினைக்காதே. அந்தத் திருத்தம் கருவிகளுக்கு மட்டும்தான்.

திருகாணி